பிறந்த ஊரும் சொந்த ஊரும்: எம்.ஜி.ஆர். பிறப்பிட வழக்குகளின் பொருண்மை

தில்லி ஜங்புராவை அடுத்து, பாராபுலா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு, தில்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. 1960களின் இறுதி முதல் உருவான அக்குடியிருப்பில் தில்லியிலேயே பிறந்து, தில்லியிலேயே பிள்ளைகளைப் பெற்றவர்களும் வாழ்ந்தனர். இத்தகையோரிடம் 'எந்த ஊர்?' என்று தமிழில் வினவினால், பெற்றோரோ பாட்டனோ விட்டுவந்த ஊரின் பெயரே விடையாக வருவது தமிழ் வழக்கு. விடை கூறுபவர் அவ்வூரை ஓரிரு முறையே கண்டிருக்கலாம். எனினும் விடை பிழையன்று. பிறந்த ஊர், சொந்த ஊர், பூர்வீகம் என்னும் மூன்றும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கத்தக்கன அல்ல. இவ்வேறுபாட்டைக் கருதாது எழுதுவோர், இல்லாத பிணக்கு ஒன்றைத் தாமே உண்டாக்கிவிடுகின்றனர். எம்.ஜி.இராமச்சந்திரனின் பிறப்பிடம் பற்றி எழுதப்பட்டவை இதற்குத் தக்க சான்று.

அவர் 1917 ஜனவரி 17இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார். வாழ்க்கைக் குறிப்புகளுள் சில 'கண்டி' என்றும், சில 'நாவலப்பிட்டி' என்றும் கூறும். இவற்றை இரு வேறு கருத்துகளாக எண்ணுவது பொருந்தாது. சென்னையில் 'தஞ்சாவூர்' என்று கூறும் ஒருவர், தஞ்சாவூரில் எவரேனும் வினவினால் தம் சிற்றூரின் பெயரைக் கூறுவார். கேட்பவர் நிற்கும் தொலைவுக்கேற்ப ஊரின் பெயர் விரிந்தும் சுருங்கியும் வரும். கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டி தமிழ்நாட்டில் 'கண்டி' ஆனது இவ்வாறே.

இனிப் பாலக்காட்டைச் சேர்ந்த வடவன்னூர் உள்ளது. அங்குள்ள குடும்ப வீட்டைக் காட்டி அவரைத் தம் ஊரினராகக் கூறுவோர் உளர். கும்பகோணம் உள்ளது; ஆனையடிப் பள்ளியில் அவர் படித்தமையால் அவ்வூரும் உரிமை கொள்ளும். இவ்வூர்களில் வழங்கும் செய்திகள் பெரும்பாலும் 'இங்கேதான் இருந்தாராம்', 'இந்த வழியாகத்தான் போவாராம்' என -ஆம் ஏற்று வருவன. கூற்றின் பொறுப்பைக் கேள்வியின்மேல் ஏற்றும் இவ்விடைச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் பலர் வாளா விட்டுவிடுகின்றனர். ஊர்வாய்க் கேள்வி, நூலாசிரியரின் உறுதிமொழியாகிவிடுகிறது. பின்னர் வருவோர் இரண்டு 'உறுதிமொழிகளை' எதிரெதிரே நிறுத்தி, எது உண்மை என்று ஆராயத் தொடங்குவர்.

அவர் பெயரின் முதலெழுத்தே இவ்வகையில் கவனத்திற்குரியது. எம். என்பது மருதூர். நாவலப்பிட்டியும் அன்று, வடவன்னூரும் அன்று, கும்பகோணமும் அன்று. தாய்வழி வந்த பெயர் அது. வீட்டுப் பெயரையோ ஊர்ப் பெயரையோ முதலெழுத்தாகக் கொள்ளும் கேரள மரபு, 'ம.கோ.இரா.' என்று தமிழ்ப்படுத்தப்பட்ட பின்னும் அழியாது நின்றது. கண்டியில் 'பிறந்தவர்' என்று அவரைக் கூறாதார் இல்லை. 'கண்டிக்காரர்' என்று கூறக் கேட்பதோ அரிது. 'பிறந்தவர்' நிகழ்ச்சியைச் சுட்டும் வினையாலணையும் பெயர். -காரர் உரிமையைச் சுட்டும் விகுதி. நிகழ்ச்சியால் உரிமை தானே வந்துவிடுவதில்லை என்பதைத் தமிழ் இலக்கணம் அரசியலார்க்கு முன்னரே அறிந்திருந்தது.

அரசியலில் இது விளையாட்டாக இருக்கவில்லை. 1972இல் தி.மு.க. பிளவுற்றபின் அவரை 'மலையாளி' என்று சுட்டும் பேச்சு மேடையேறியது. அதற்கு மறுமொழியாக அவர் கொங்கு நாட்டு மன்றாடியார் மரபினர் என்று நிறுவும் முயற்சி எழுந்தது. இம்முயற்சி பிறந்த ஊரைத் தமிழ்நாட்டிற்குள் கொண்டுவர முனையவில்லை. நாவலப்பிட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. மாற்றப்பட்டது பூர்வீகம் மட்டுமே. தாக்கியோரும் தாங்கியோரும் ஒரே பொருண்மையின்மேல் நின்றனர் என்பதே இங்கு அறியற்பாலது. 1970 முதல் 1972 வரை ஆனந்த விகடனில் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றுத் தொடரின் தலைப்பும் 'நான் ஏன் பிறந்தேன்' என்பதே. 'எங்கே' என்னும் வினாவை அது எழுப்பவில்லை.

பிற நாட்டு வழக்குகள் வேறு வகையின. ஜின்னா பிறந்தது கராச்சியா, சிந்துப் பகுதியின் ஜிர்க்கா என்ற பிணக்கில் இரண்டிலொன்றே மெய்யாக இருக்க முடியும். கிம் ஜொங்-இல் பெக்டு மலையில் பிறந்தார் என்பது வடகொரிய அரசின் கூற்று. கபரோவ்ஸ்க் அருகிலுள்ள வியாத்ஸ்கொயே என்பது சோவியத் பதிவு. அவை நிகழ்ச்சி பற்றிய வழக்குகள். அவற்றிற்குரிய சொற்களைக் கொண்டு எம்.ஜி.ஆர். செய்திகளை மொழிபெயர்ப்பதே குழப்பத்தின் வேர்.

1984இல் வெளியான தம் நூலில் இ. வாலண்டைன் டேனியல், தமிழரின் 'ஊர்' பேசுவோரை நடுவாகக் கொண்ட கருத்து என்றும், மண்ணின் தன்மை மாந்தரில் கலப்பதாகத் தமிழர் கருதுவர் என்றும் விளக்கினார். முதற்பகுதி ஐயத்திற்கிடமற்றது. மண்ணுக்கு அவர் தந்த முதன்மையோ சற்று மிகை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழரைத் தமிழ்நாட்டு அரசுமொழி 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவருட் பலர் பிறந்த மண் இலங்கை. முன்பின் காணாத ஒரு நாட்டிற்குத் 'திரும்பினர்'. நாவலப்பிட்டியில் பிறந்தும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தோட்டத் தொழிலாளிக்கு மண் எதுவும் தரவில்லை. பூர்வீகம் என்னும் சொல்லே அவரைக் கப்பலேற்றியது.

மதராசி கேம்ப்பின் பெயரும் இத்தகையதே. பிறந்த ஊரையோ பூர்வீகத்தையோ அது சுட்டவில்லை. தென்னாட்டார் அனைவரையும் ஒரு நகரின் பெயரால் அடக்கும் வடநாட்டு வழக்கைச் சுட்டுகிறது. மறுகுடியமர்த்தலுக்கு அங்குக் கேட்கப்பட்டது மூன்றாவது ஒன்று: குறித்த ஆண்டில் அவ்விடத்தில் குடியிருந்தமைக்கான ஆவணம். ஏறத்தாழ 370 குடும்பங்களுள் 189 குடும்பங்களே நரேலா அடுக்ககங்களுக்குத் தகுதியுடையனவாகக் கொள்ளப்பட்டன. இத்தகைய விசாரணையில் ஒருவர் 'சொந்த ஊர் விழுப்புரம்' என்று கூறினால், இந்தி மொழிபெயர்ப்பாளர் 'மூல் நிவாஸ்' என்று எழுதக்கூடும். நிவாஸ் என்பது வாழுமிடம். தமிழ்த் தொடரோ, பேசுபவர் விழுப்புரத்தில் வாழ்கிறார் என்றோ, அங்கு அவருக்கு வீடு உண்டு என்றோ, அங்கே திரும்பிச் செல்ல இயலும் என்றோ கூறவில்லை.