பண்டாரநாயக்காவின் எழுச்சியும் வீழ்ச்சியும்

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவைப் பற்றித் தமிழிலே இருவகைப் பேச்சே பெரும்பாலும் நிலவுகிறது. ஒரு சாரார்க்கு அவர் இனவாதி. அத்துடன் விடயம் முடிந்துவிடுகிறது. மறு சாரார்க்கு, குறிப்பாக முற்போக்காளராகிய நம்மிற் பலர்க்கு, அவர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த தேசியத் தலைவர். மொழிச் சட்டம் இடையிலே நேர்ந்த சறுக்கல். அவரை உயர்த்திய சக்தியே அவரை வீழ்த்தியது என்பதை இரு சாராரும் காணத் தவறிவிடுகின்றனர்.

1952 இல் 9 ஆசனங்களை மாத்திரமே பெற்றது அவரது கட்சி. 1956 இலோ அவர் தலைமை தாங்கிய மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களைப் பெற, ஐக்கிய தேசியக் கட்சி 8 ஆசனங்களாகச் சுருங்கிற்று. பிக்கு, வைத்தியர், ஆசிரியர், கமக்காரர், தொழிலாளர் என்ற ஐம்பெருஞ் சக்திகள் ஆங்கிலம் பேசும் கனவான்களின் ஆட்சியை வெறுத்தன. அவ்வெறுப்பு நியாயமானதே. ஆனால் அதனை வாக்குகளாக மாற்றியது 24 மணித்தியாலத்திற் சிங்களம் என்ற கோஷம். இக்கோஷத்தின் பொருளை அவர் அறியாதவரல்லர். 1926 இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து, இலங்கைக்குச் சமஷ்டியே ஏற்றதென வாதாடியவர் அவர்.

அவரது சாதனைகளை மறுத்தல் தகாது. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருந்த பிரித்தானியத் தளங்கள் 1957 இல் மீட்கப்பட்டன. 1958 இல் பஸ் சேவையும் துறைமுகமும் தேசியமயமாயின. அதே ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கும் வெள்ளவத்தைக் கடைச் சிப்பந்திக்கும் இன்றும் முதுமையிற் கைகொடுக்கிறது. அவர் எம்மொழி பேசுபவர் என்று அது கேட்பதில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு 1948 இற் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமையை மட்டும் அவ்வரசும் மீட்டுக் கொடுக்கவில்லை. பறித்த மந்திரிசபையில் அவரும் இருந்தார் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

1957 யூலை 26 இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைகளும், வடக்குக் கிழக்கிலே தமிழில் நிருவாகமும் என்ற மிதமான ஏற்பாடே அது. எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்குப் புறப்பட்ட யாத்திரை இம்புல்கொடையில் மறிக்கப்பட்டது. வலதுசாரிகளை மறிக்க முடிந்தவரால், தம்மை ஏற்றிவைத்தோரை மறிக்க முடியவில்லை. 1958 ஏப்பிரல் 9 இல் றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின்முன் பிக்குகள் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டதென எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் இனக்கலவரம். கொழும்புத் தமிழர் அகதிகளாகிக் கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தனர்.

இதனைத் தமிழர்க்கு மட்டும் நேர்ந்த இழப்பெனக் கருதுவோர் 1959 ஐ நோக்குக. குத்தகைக் கமக்காரனுக்காக நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்த்தனாவை மந்திரிசபையின் வலதுசாரிகள் அவ்வாண்டு மே மாதம் வெளியேறச் செய்தனர். ஒருமுறை பணிந்தவர் மறுமுறையும் பணிந்தார். செப்டெம்பர் 25 இல் அதே இல்லத்தில் அவரைச் சுட்ட தல்துவே சோமராமர் பிக்கு, ஆயுர்வேத வைத்தியர், அத்துறையில் விரிவுரையாளருங்கூட. ஐம்பெருஞ் சக்திகளில் மூன்று ஒருவரிடத்தே கூடியிருந்தன! சதியின் தலைவராகத் தீர்க்கப்பட்ட களனி விகாராதிபதி புத்தரக்கித்தரோ 1956 இல் அவரது வெற்றிக்காக ஊரூராய் உழைத்தவர். வர்த்தகச் சலுகைகள் மறுக்கப்பட்டமையே பகைக்கு மூலமென வழக்கிலே கூறப்பட்டது. மதமும் மொழியும் பேசிய இயக்கத்தின் உள்ளே யாருடைய பணப்பை இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இடதுசாரிகளின் கணக்கும் இதில் உண்டு. சிங்களம் மட்டும் மசோதாவைச் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் 1956 இல் எதிர்த்து நின்றன. அது அவர்களுடைய பெருமை. பத்தாண்டு கழிந்து, 1966 சனவரி 8 இல், தமிழ் மொழி விதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் அதே கட்சிகள் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோடு நடந்தன. சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்திற்கு முதன்மை இடமாகவும் அரசியலமைப்பிலேயே பொறித்த 1972 ஆம் ஆண்டு ஆவணத்தை உருவாக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956 இல், அம்மசோதாவுக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் முழங்கிய பொழுது, அவர் வெள்ளவத்தை - கல்கிசைத் தொகுதியின் உறுப்பினர்.