நினைவு மலரில் தோழனுக்கு எத்தனை பக்கம்?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்களின் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். அட்டையில் நினைவு மலர் என்றிருக்கும். வயதானவர்களின் பேச்சில் அது இன்றும் கல்வெட்டுத்தான். பிள்ளையார் வணக்கம், திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். ரொறன்ரோவிலும் லண்டனிலும் அச்சாகும் மலர்களும் பெரும்பாலும் இந்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பல்கலைக்கழக நாட்களில் நம்மோடு உண்டு உறங்கிய ஒரு தோழனை, அன்பும் விசுவாசமும் தவிர வேறு பெருமை எதுவும் தேடாத ஒருவனை, நினைவில் நிறுத்த அது போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன்.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். எந்த வரலாற்று நூலிலும் இடம் கிடைக்காத தபாற்கந்தோர் எழுதுவினைஞருக்கும், தோட்டக்காரருக்கும், வீட்டுக்கு வெளியே பெயர் தெரியாத ஆச்சிக்கும் அது ஒரு நூலைத் தந்திருக்கிறது. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், குலதெய்வக் கோயில், கொண்டான் கொடுத்தான் உறவு எல்லாம் அதில் பதிவாகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளில் இருந்த உறுதிகளும் படங்களும் தொலைந்தன. அப்படித் தொலைத்த குடும்பத்துக்கு, வேறொரு நாட்டில் உறவினர் சாமியறையில் வைத்திருந்த ஒரு மலரே மிஞ்சிய ஆவணமாக இருப்பதுண்டு. நூலகம் நிறுவனம் தன் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களைத் தனி வகையாகவே சேகரித்து வைத்திருக்கிறது. அது மிகச் சரியான வேலை.

குறை, வாழ்க்கை வரலாறு என்ற பகுதியில்தான் தொடங்குகிறது. அதைப் பலமுறை எழுதுபவர் இறந்தவரோடு நெருங்கிப் பழகாத ஒருவர். குடும்பம் கொடுத்த குறிப்புகளை வைத்து எழுதுகிறார். ‘பண்பின் சிகரம்’, ‘இன்முகத்தோடு உதவுபவர்’ போன்ற சொற்கள் வந்து விழுகின்றன. பெயரை மாற்றினால் அடுத்த வீட்டு மலருக்கும் அவை பொருந்தும்.

பேராதனையில் என்னோடு படித்த தோழனின் மலரில் அவனுடைய பல்கலைக்கழகக் காலம் ஒரே வரியில் முடிந்திருந்தது: அங்கே பட்டம் பெற்றார். அவன் மனிதனாக உருவானது அந்த வரிக்குள்ளேதான். பரீட்சைக்கு முந்திய இரவுகளில், முதல்தரம் தவறிப்போனவர்களைக் கூட்டி விடுதி அறையில் பாடம் சொல்லிக்கொடுத்துக் குப்பி வைப்பான். தனக்குப் படிக்க மிச்சமிருக்கும். அதைப் பற்றி மூச்சு விடமாட்டான். எங்கள் பட்ச்சில் ஒருவன் செங்கமாரி வந்து கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவுகளில் துணைக்கு இருந்தவன் அவன்தான். பட்டம் பெற்று எல்லோரும் ஒவ்வொரு திசைக்குப் போன பிறகும், எங்களில் முதலில் இறந்துபோனவனின் தாயாருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசி எடுத்துக் கதைத்தவனும் அவனே. அவனுக்குக் கோபமும் வரும். கடன் கேட்டுப் போனால், “மச்சான், போன மாதக் காசுக்கு என்ன செய்தனி?” என்று கண்டபடி ஏசிவிட்டுத்தான் கொடுப்பான். அந்த ஏச்சை நீக்கிவிட்டால் அவனுடைய இரக்கமும் எவருடையதோ ஒன்றாகிவிடுகிறது.

இவை குடும்பத்துக்குத் தெரியாதவை. அவர்கள் கண்டது மகனை, கணவனை, தகப்பனை. வீட்டார் காணாத இடத்தில் அவன் எப்படி நடந்தான் என்பதற்குத் தோழர்களே சாட்சி. மலரின் அமைப்பில் உறவு ஒவ்வொன்றுக்கும் ஒரு புலம்பல் இருக்கிறது. தோழனுக்கு, இடம் மிஞ்சினால் ஓர் அரைப்பக்கம்.

காலக்கெடுவும் ஒரு காரணம். மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் சிதறிக் கிடக்கும் பட்ச்சுக்கு, “இரண்டு நாளுக்குள் எழுதித் தாங்கோ” என்று செய்தி வருகிறது. அந்த அவசரத்தில் எவராலும் அனுதாபம்தான் எழுத முடியும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கிடைத்த நண்பன் ஆர்தர் ஹாலம் 1833இல் வியன்னாவில் 22 வயதில் இறந்தபோது, ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் அந்தத் துயரத்தைச் சிறிது சிறிதாக எழுதிச் சேர்த்தார். ‘இன் மெமோரியம்’ என்ற அந்தக் கவிதை வெளிவந்தது 1850இல். 31 நாள் என்பது கிரியைக்கு வகுத்த கணக்கு. நினைவு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆனால் அந்தப் பெருங்கவிதையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் ஹாலத்தைவிட டென்னிசனின் ஐயமும் விசுவாசமும் அதிகம் பேசுகின்றன. நண்பன் மனித அளவைத் தாண்டி உயர்ந்துபோகிறான். நம் தோழர்கள் எழுதும் அரைப்பக்கங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. “நானும் அவனும்” என்று தொடங்கி, மூன்றாம் வரியில் “நான்” மட்டும் மிஞ்சுகிறது. விடுதிக்குள் சிரித்த பகிடி, மனைவியும் பிள்ளைகளும் படிக்கும்போது காயமாகிவிடவும் கூடும். எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிவதும் விசுவாசத்தின் பகுதிதான். சங்கப் புலவர் கபிலரை இன்றும் நாம் மதிப்பது தன் நண்பன் பாரிக்காகப் பாடிய கையறுநிலைக்காக மட்டுமல்ல, அவனுடைய மகள்களைத் தன் பொறுப்பாக ஏற்று நடந்ததற்காகவும்தான். அந்தப் பாடல்களில் பறம்பு மலையும் அதன் சுனையும் கண்முன் நிற்கின்றன. பொதுச் சொற்களால் புகழ்வது நம் பழைய மரபல்ல.

ஆகவே 31ஆம் நாள் மலர் குடும்பத்தின் நூலாகவே இருக்கட்டும். ஓராண்டில் வரும் ஆட்டைத் திவசத்துக்குத் தோழர்கள் சேர்ந்து இன்னொரு சிறு நூல் கொண்டுவரலாம். ஆளுக்கு ஒரு சம்பவம் போதும். எந்த ஆண்டு, எந்த இடம், அவன் என்ன சொன்னான், என்ன செய்தான் என்பது தெளிவாக இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவன் மனைவியிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒரு பிரதியைப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். உங்கள் பட்ச்சில் அப்படி ஒருவர் போயிருந்தால், அவரை நன்றாக அறிந்தவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.