ஏற்றத்துக்கு ஏற்ற எஞ்சின்: கம்பம் பள்ளத்தாக்கின் ஜீப்புகளும் மாற்று எஞ்சின் மரபுகளும்

தேனி மாவட்டத்து மலைச்சாலைகளில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில், பம்பாயில் வண்டி உருவானபோது பொருத்தப்பட்ட எஞ்சின் இன்று இல்லை. சட்டமும் அச்சும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தாங்குகின்றன. எஞ்சின் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. தடித்த இரும்புச் சட்டத்தின் மேல் எஞ்சின், கியர் பாக்ஸ், பாடி என்று தனித்தனியே ஏற்றி முடுக்கிய வண்டி என்பதால், ஒன்றைக் கழற்றி வேறொன்றை வைக்க அதன் அமைப்பே இடம் தருகிறது. அந்த வசதியை வைத்து இப்பகுதிப் பட்டறைகளில் ஒரு தொழில் மரபு வளர்ந்திருக்கிறது. எந்த எஞ்சினை வைப்பது என்பதில் அதற்குள் பல கிளைகள் உண்டு.

கிளைகள் பலவானாலும் அவற்றைச் சோதிக்கும் களம் ஒன்றே. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி, சின்னமனூரிலிருந்து மேகமலை என எல்லாப் பாதைகளும் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து கிளம்பிக் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி மேலேறுகின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப் போவதும், மாலையில் அவர்களை இறக்கிக் கொண்டு வருவதும், மூட்டை சுமப்பதும் ஜீப்பின் வேலை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் அதற்கு வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அந்தக் கரடுமுரடான பாதையில் ஜீப் தவிர வேறு வண்டி போவதில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் என்ற அளவில் காற்றழுத்தம் குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் மேலே போய்ச் சேரும்போது தன் வலுவில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஏற்றம் கடினமாகும் இடத்தில்தான் எஞ்சினும் தளர்கிறது. இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் எஞ்சின் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மஹிந்திரா நிறுவனம் 1947இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் இருந்தது ‘கோ டெவில்’ எனப்பட்ட 2,199 சிசி பெட்ரோல் எஞ்சின். உலகப் போரில் ஓடிய ஜீப்பின் எஞ்சினும் அதுவே. 60 குதிரைத்திறன், சுமார் 142 நியூட்டன் மீட்டர் இழுவை. அடுத்து வந்த ‘ஹரிக்கேன்’ அதே கொள்ளளவில் 155 நியூட்டன் மீட்டர் வரை இழுத்தது. உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப்பகுதிக்கு மேல் ஏறியதால் எஞ்சின் உயரம் கூடியது. அதற்கு இடம் கொடுக்கவே 1953இன் சிஜே-3பி மாடலில் பானட்டை உயர்த்தினார்கள். இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய அந்த உயர்ந்த மூக்குள்ள ஜீப், ஆக, ஓர் எஞ்சின் மாற்றத்துக்காகவே அந்த உருவத்தைப் பெற்றது. பிற்காலத்தில் டீசல் எஞ்சின்களைத் திணிக்க இந்த உயரம் பேருதவியாக அமைந்தது.

கிளைகளில் முதலாவது, பெட்ரோல் எஞ்சினையே காப்பாற்றும் மரபு. சிலிண்டரை ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, கிராங்கைக் கடைந்து, வால்வு சீட் தேய்த்து மறுபிறப்புக் கொடுப்பது அதன் வழி. சத்தமும் அதிர்வும் குறைவு, எடையும் குறைவு. சுமை ஏற்றாமல், விழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கும் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பிழைப்புக்கு ஓடும் வண்டியில் இந்த மரபு நிலைக்கவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை எகிறியது. டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014இலும் நீங்கும் வரை அந்த இடைவெளி நீடித்தது. முதல் கியரில் மலை ஏறும் பெட்ரோல் ஜீப் குடிக்கும் அளவுக்கு எந்தத் தோட்டக் கூலிக் கணக்கும் ஈடுகொடுக்காது.

டீசலுக்கு மாறுவோர் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களை. சிஜே-3பி ஜீப்பின் கிரௌன்-பினியன் விகிதம் 5.38. மூன்று கியர் பெட்டியின் முதல் கியர் 2.8. ‘லோ’ போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலும் 2.46 மடங்கு பெருக்கும். மூன்றையும் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 37 சுற்றுச் சுற்ற வேண்டும். எந்தச் சிறிய எஞ்சினையும் மலையேற வைக்கும் ஏற்பாடு இது. ஆனால் இதே விகிதம் சமவெளியில் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. 16 அங்குலச் சக்கரத்தில், டாப் கியரில், நிமிடத்துக்கு 4,500 சுற்று போகும் எஞ்சின் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும். 3,200 சுற்றோடு நின்றுவிடும் எஞ்சின் 80ஐ ஒட்டி நிற்கும். அதையும் இரைச்சல் இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் 60தான். வண்டி தேனியிலிருந்து மதுரைக்கு அடிக்கடி போகுமா, போடியிலிருந்து மலைக்கு மட்டும் போகுமா என்பதை உரிமையாளர் முடிவு செய்யாமல் மெக்கானிக்கிடம் எஞ்சின் கேட்பது வீண்.

சமவெளி வேகத்தை விரும்புவோரின் மரபு பியூஜோ. எக்ஸ்டிபி 4.90 என்ற 2,112 சிசி டீசல் எஞ்சினை பிரெஞ்சு உரிமத்தில் மஹிந்திரா தயாரித்து எம்எம் 540 ஜீப்பில் பொருத்தியது. சுற்று வேகம் அதிகம். டீசல் எஞ்சின் என்ற அளவில் அதன் ஓட்டம் மென்மையானது. எரிபொருள் ஒரு சிறு முன்னறைக்குள் பீய்ச்சப்பட்டு எரியத் தொடங்குவதால், குளிர்காலையில் ஹீட்டர் பிளக் சூடேறிய பின்புதான் ஸ்டார்ட் ஆகும். அதன் இழுவை பழைய ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதல் அல்ல என்பது பலரும் கவனிக்காத உண்மை. வளைவில் வேகம் விழுந்தால் உடனே கியரைக் குறைத்துச் சுற்றை ஏற்றிக்கொடுக்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் உள்ள ஓட்டுநரிடம் அது அழகாக ஏறும். சூடு முள்ளைப் பார்க்காதவரிடம் தங்காது.

இப்பள்ளத்தாக்கின் வேலைக்கு மிகப் பொருந்துவது, இக்கட்டுரையின் கணிப்பில், டிஐ எனப்படும் நேரடிப் பீய்ச்சல் எஞ்சின் மரபு. அதன் வேர் உழவு வண்டியில் இருக்கிறது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் ஆகிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து மஹிந்திரா 1963இல் டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. அந்த பி-275 டிராக்டரின் எஞ்சின் வழிவந்ததே ஜீப்பில் ஏறிய முதல் இன்டர்நேஷனல் டீசல். துளையைப் பெரிதாக்கி, நேரடிப் பீய்ச்சலுக்கு மாற்றியபோது அது 2,523 சிசி எம்டிஐ ஆயிற்று. பிஸ்டனின் விட்டம் 88.9 மில்லிமீட்டர், நகரும் தூரம் 101.6 மில்லிமீட்டர். துளையைவிட வீச்சு நீண்டிருப்பதும், டிராக்டர் பிறப்பும் சேர்ந்து அதன் குணத்தை முடிவு செய்கின்றன. மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவை கிடைக்கும். ஒன்பது, பத்துப் பேர் உட்கார்ந்த ஜீப்பை வளைவின் உள்பக்கத்தில் நடை வேகத்துக்கு இறக்கினாலும் திணறி அணையாது. டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் எரிவதால் வெப்ப இழப்பு குறைந்து, முன்னறை எஞ்சினைவிடத் தெளிவாகச் சிக்கனம். ஹீட்டர் பிளக் வேண்டாம். இதற்கெல்லாம் கொடுக்கும் விலை, உலுக்கலும் கடகடச் சத்தமும். சட்டத்தின் ரிவெட்டுகளும் கண்ணாடிச் சட்டமும் தளர்வது இந்த மரபின் நிரந்தர நோய். ரப்பர் மவுண்டிங்கை ஒழுங்காக மாற்றிவந்தால் பாதி குறையும்.

இந்த எஞ்சினின் ஆயுள் வியப்புக்குரியது. 2010இல் தார் வந்தபோதும் அதன் மலிவு மாடலில் இதே 2,523 சிசி டிஐ டர்போவோடு இருந்தது. பொலிரோவிலும் பிக்கப் வண்டிகளிலும் அதன் சந்ததியே ஓடியது. ஆகவே உதிரிபாகத்துக்குத் தேனியைத் தாண்ட வேண்டியதில்லை. பம்ப்பும் நாசிலும் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் உண்டு. அமெரிக்காவின் பழைய கார்களைப் புதுவலுவூட்டி ஓட்டும் ‘ஹாட் ராட்’ மரபிலும் இதே நியாயம்தான் வென்றது. 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி-8 எஞ்சின் தந்தபோது இளைஞர்கள் அதைப் பழைய இலகு பாடிகளில் ஏற்றினார்கள். 1955இல் செவ்ரலே 4.3 லிட்டர் சிறிய வி-8ஐக் கொண்டுவந்ததும் ஃபோர்டு வண்டிகளுக்குள்ளேயே செவ்ரலே எஞ்சின் புகுந்துவிட்டது. அதைவிட வலுவான எஞ்சின்கள் இருந்தன. ஆனால் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடந்ததும், எந்த மெக்கானிக்கும் கைவைக்கக் கூடியதும் அதுவே. கலிபோர்னியாவில் அது வேகத்துக்கு, கம்பத்தில் இது ஏற்றத்துக்கு.

மெட்டடோர் எஞ்சின் மரபு சிறியது, ஆனால் பற்றுள்ளது. பஜாஜ் டெம்போ நிறுவனம் மெர்சிடிஸ் உரிமத்தில் தயாரித்த 2.4 லிட்டர் ஓஎம் 616 எஞ்சின், மெட்டடோரிலும் டிராக்ஸிலும் ஓடிப் பெயர் பெற்றது. பியூஜோவின் மென்மையும் டிஐயின் உறுதியும் சேர்ந்தது என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அது மஹிந்திரா வண்டிக்காகப் பிறந்ததல்ல. பெல் ஹவுசிங்குக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே லேத்தில் கடைந்த இடைத்தகடு வேண்டும். கிராங்கின் மையமும் கியர் ஷாஃப்டின் மையமும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு விலகினாலும் கிளட்ச் தட்டும் பைலட் பேரிங்கும் மாதக்கணக்கில் மட்டுமே உழைக்கும். அளவுமானி வைத்துச் சுழற்றிப் பார்க்காமல் போல்ட் முடுக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. பியூஜோவுக்கும் டிஐக்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் மஹிந்திரா ஜீப்பிலேயே தொழிற்சாலையில் பொருத்தி வந்தவை. ஹவுசிங், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாம் உடைத்து விற்கும் வண்டியிலிருந்து அப்படியே கிடைக்கும்.

காமன் ரயில் எஞ்சினைப் பழைய ஜீப்பில் ஏற்றும் புதுப் போக்கும் உண்டு. உயரத்தில் வலு அவ்வளவாகக் குறையாது, புகை குறைவு. ஆனால் அதோடு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள், வயர் கட்டு முழுதும் வர வேண்டும். கொழுக்குமலைப் பாதையில் ஒரு சென்சார் கம்பி அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். இயந்திரப் பம்ப் வைத்த டிஐ எஞ்சினைக் கைக்கருவிகளோடு இறக்கிக் கொண்டுவந்துவிடலாம்.

டர்போ வைத்த எஞ்சின் எதுவானாலும் ஓர் எச்சரிக்கை பொருந்தும். மூன்று கியர் பெட்டியும் பின் அச்சும் 150 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. 180க்கு மேல் தரும் டர்போ டிஐயை அதன் முன்னால் வைத்து, ‘லோ’ போட்டு, பாரத்தோடு கிளட்சைச் சட்டென விட்டால் முறிவது பல்லோ ஆக்ஸிலோதான். எஞ்சின் மாற்றுபவர் அதே வரிசைக் கியர் பாக்ஸையும் அச்சையும் சேர்த்து மாற்றுவது முறை. டீசல் எஞ்சினின் கூடுதல் எடை முன் பக்கம் விழுவதால் முன் பட்டைகளுக்கு ஓர் இலை சேர்க்க வேண்டியிருக்கும். சம்ப்பின் ஆழமான பகுதி, முன் அச்சு குலுங்கி எழும்போது அதில் இடிக்காமல் இருக்கிறதா என்பதை வண்டியை மரக்கட்டை மேல் ஏற்றி அளந்து பார்க்க வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம் உயிர்சார்ந்தது. சிஜே-3பியின் பிரேக் டிரம் 9 அங்குலம்தான். தொழிலாளர்கள் நிறைந்த வண்டியை அந்த டிரம் மட்டும் நம்பிப் போடிமெட்டிலிருந்து இறக்கினால் பாதி வழியில் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். எந்தக் கியரில் ஏறியதோ அந்தக் கியரில் இறங்குவது என்ற ஓட்டுநர் வழக்கம் இங்கே எஞ்சின் தேர்வோடு சேர்கிறது. கொள்ளளவு பெரிதாக உள்ள எஞ்சின் தாழ்ந்த கியரில் வண்டியை நன்றாகப் பிடித்து இறக்கும். பூஸ்டர் பிரேக் வைக்க விரும்பினால், டீசலில் உறிஞ்சும் குழாய் வெற்றிடம் கிடைக்காது என்பதை நினைவில் கொண்டு தனி வேக்குவம் பம்ப் உள்ள எஞ்சினாகப் பார்க்க வேண்டும். பெரிய டிரம்களோ முன் டிஸ்க்கோ இல்லாமல் எஞ்சினை மட்டும் வலுவாக்குவது மற்றவர் உயிரோடு விளையாடுவதாகும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

கடைசியில் ஆர்.சி. புத்தகம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் மாற்றமும் அதன் வரம்புக்குள் வருகிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கு முரணான மாற்றம் கூடாது என்று இந்தப் பிரிவுக்குக் கண்டிப்பான பொருள் தந்தது. ஆகவே எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்பதும், வாங்கும் எஞ்சினுக்கு ரசீதும் தெளிவான எண்ணும் இருப்பதைப் பார்ப்பதும், பொருத்திய பின் புதிய எண்ணையும் எரிபொருள் வகையையும் பதிவு செய்வதும் அவசியம். எண் பொருந்தாத வண்டிக்கு விபத்துக் காலத்தில் காப்பீடு கிடைப்பது சிக்கலாகும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஜீப்புகளுக்கு மேலும் ஒரு செய்தி உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாக 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுக்குப் பதிவு செய்யலாம். ஆனால் வண்டியின் இரும்புச் சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. வணிகப் பயன்பாடும் கூடாது. டீசல் ஏறிய ஜீப்புக்கு அந்தக் கதவு மூடிவிடும். அதனால் 1960களின் ஜீப்பை இன்று டீசலுக்கு மாற்றுபவர், கழற்றிய ஹரிக்கேன் எஞ்சினைப் பழைய இரும்புக்கு எடை போடாமல், எண் பொறித்த பிளாக்கை எண்ணெய் பூசி, துளைகளை அடைத்து, கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், பெல் ஹவுசிங்கோடு சேர்த்து, பின்னாளில் திரும்பப் பொருத்துவதற்காகக் கொட்டகையில் வைத்திருக்க வேண்டும்.