ஸ்பீடோமீட்டர் மணி காட்டுமா?

காயலான் கடையில் எடைக்குப் போகக் காத்திருக்கும் அம்பாசடர் மீட்டரைத் துடைத்தெடுத்து மேசைக் கடிகாரமாக்குவது செய்யத் தகுந்த வேலைதான். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அந்தக் காரின் உற்பத்தி நின்றுபோனது. பழைய மீட்டர் ஒவ்வொன்றுக்கும் அதனாலேயே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் வழக்கமாக இது செய்யப்படும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

டயலின் நடுவில் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டு, சுவர்க் கடிகாரத்தின் குவார்ட்ஸ் மெஷினைப் பின்னால் பொருத்தி, கடையில் வாங்கிய முட்களை முன்னால் மாட்டிவிடுகிறார்கள். மீட்டரின் சொந்த முள், காந்தம், அலுமினியக் கிண்ணம், சுருள்வில் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. பெட்ரோல் மீட்டர் போன்ற சிறியவற்றின் வாய் 52 மி.மீ. அளவே, மெஷினோ ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம். அங்கே பின்பக்கத்தையும் அறுத்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? வட்ட ஸ்பீடோமீட்டரின் எண்கள் இடப்பக்கம் கீழே சுழியத்தில் தொடங்கி, உச்சியைக் கடந்து, வலப்பக்கம் கீழே முடியும். சுமார் 240 பாகை. கடிகார முள்ளுக்கு 360 பாகையும் வேண்டும். 120 வரை எண்ணிட்ட டயலில் உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு இரு முட்களும் 60-ஐக் காட்டி நிற்கும். ஆறு மணிக்கு மணிமுள் எண்ணே இல்லாத வெற்றிடத்தைக் காட்டும். புது டயல் அச்சடித்து ஒட்டினால் குழப்பம் தீரும். ஆனால் பழைய மீட்டரில் மிஞ்சுவது தகரக் கூடும் கண்ணாடியும் மட்டுமே.

இதற்குச் சார்பாக வலுவான வாதம் ஒன்று உண்டு. கார் மீட்டரும் கடிகாரமும் ஒரே பட்டறையில் பிறந்தவை. பிரிட்டிஷ் கார்களின் மீட்டர்களில் பெயர் பொறித்த ஸ்மித்ஸ், லண்டனில் 1851-இல் கடிகாரக் கடையாகத் தொடங்கியது. அதேபோல் மீட்டர்களில் காணும் ஜேகர் என்பதும் கடிகாரக்காரரின் பெயர்தான். அப்படியானால் இது பிறந்த வீட்டுக்குத் திரும்புவதுதானே?

பாதி உண்மை. ஓட்டோ ஷுல்ட்ஸ என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற ஸ்பீடோமீட்டர் அமைப்பில், கேபிள் சுழற்றும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி அதைத் தான் சுழலும் திசையில் இழுக்கிறது. சுருள்வில் எதிர்த்து இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். பழைய கைக்கடிகாரத்திலும் சுருள்வில் உண்டு, ஆனால் அங்கே அதன் வேலை சக்கரத்தை முன்னும் பின்னும் அலையவைப்பது; அந்த அலைவுகளைப் பற்சக்கரங்கள் எண்ணுகின்றன. மீட்டர் அளக்கிறது, கடிகாரம் எண்ணுகிறது. இந்த வேறுபாட்டை மதிக்காத மாற்றம் எதுவும் எனக்கு நிறைவு தருவதில்லை.

எனவே நேரத்தையும் ஓர் அளவாக மீட்டரிடம் கொடுக்க வேண்டும். 120 வரை உள்ள டயல் கிடைத்தால் பத்துக் கிலோமீட்டர் ஒரு மணி; எதையும் மாற்றி எழுத வேண்டாம். மணிக்கு 20 பாகை என்பதால் நிமிடத்துக்கு மூன்றிலொரு பாகைதான் வரும், கண்ணுக்குப் பிடிபடாது. நிமிடத்தைப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் மீட்டரிடம் விடலாம்: பாதி டேங்க் என்றால் அரை மணி. நிறைந்ததும் முள் காலிக்கு இறங்கி, அடுத்த மணி தொடங்கும். இங்கே டயலின் எண்ணும் முள்ளும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

கேபிள் முனையில் மோட்டார் வைத்துப் பழைய காந்தத்தையே சுழற்றலாமே என்று ஆசை வரும். வேண்டாம். வெப்பத்தில் காந்தத்தின் இழுப்பு மாறும். நம் வாணியம்பாடியின் சித்திரை வெயிலில் அந்த முள்ளை நம்பி பஸ் பிடிக்க முடியாது. இரவும் பகலும் சுழன்றால் தாங்கியும் தேயும். பிற்காலக் கார்களின் டாஷ்போர்டில் வரும் சிறு ஸ்டெப்பர் மோட்டாரே சரி: 315 பாகை வரை, படிக்கு மூன்றிலொரு பாகை நகரும். அதன் மேல் பழைய முள்ளை ஏற்றி, ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் ஆண்டுக்கு ஒரு நிமிடம்போலப் பிசகும் நேரச் சில்லும் இணைத்தால் போதும்.

உள்ளுறுப்புகள் இங்கும் வெளியே வருகின்றன என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் டயலில் துளை இல்லை, கூட்டில் அறுப்பு இல்லை. எடுத்ததைப் பத்திரப்படுத்தினால் திரும்பப் பூட்டலாம். குவார்ட்ஸ் மெஷின் ஒரு செல்லில் ஓராண்டு ஓடும், இதற்கோ ஒயரும் பிளக்கும் வேண்டும். அது இழப்புதான். அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

கடிகாரத்தைத் தாங்கும் பீடத்துக்குத் தோல் தேட, தோல் பதனிடும் நம் ஊர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. குரோம் தோலைவிடப் பட்டையில் பதனிட்ட தோல்தான் ஏற்றது. நனைத்து அழுத்தினால் மீட்டரின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை படியும். இடையில் ஒரு கம்பளித் துணியாவது வேண்டும்.

எந்த மீட்டரை எடுப்பது என்பதில் நான் கண்டிப்பானவன். மிகப் பழைய இறக்குமதி மீட்டர்களின் ஒளிர்பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது, அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு. அவற்றைத் திறக்கவே கூடாது. பல் தேய்ந்தது, காயில் எரிந்தது, கேபிள் முனை உடைந்தது ஆகியவை கடிகாரமாகலாம். இன்னும் இயங்கும் மீட்டரைக் கடிகாரமாக்க எந்த நியாயமும் இல்லை. அது அம்பாசடரை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டும்.