சமப்படுத்துவதும் அமுக்குவதும்: கிதாருக்கும் பறைக்கும் நடுவே ஒரு மிக்ஸிங்

இசையின் அரசியல் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். யார் பாடுகிறார், எந்த மேடையில் பாடுகிறார், எந்த வாத்தியம் சபைக்குள் வரலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்பதெல்லாம் விவாதமாகியிருக்கிறது. ஆனால் வாசித்து முடித்த ஓசைகள் ஒரு சின்ன அறைக்குள் போய் 'மிக்ஸிங்' என்ற பெயரில் கலக்கப்படுகிற இடத்தை மட்டும் 'அது டெக்னிக்கல் சமாச்சாரம்ப்பா' என்று விட்டுவிடுகிறோம். தொழில்நுட்பம் நடுநிலையானது என்கிற நம்பிக்கை, மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கிற நம்மிடமும் அப்படியே கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த அறையைப் பற்றியது. அங்கே நானே செய்த ஒரு தவறைப் பற்றியதும்கூட.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் சட்டியும் ராக் கிதாரோடு ஒரே மேடையில் நின்றன. பறையைப் பாட்டுக்கு நடுவே நாலு அடி 'கிராமிய வாசனைக்காக' சேர்த்துக்கொள்கிற சினிமாப் பழக்கத்திலிருந்து இது விலகியிருந்தது. மேடையில் யார் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு அந்த இரவு ஒரு பதில் சொன்னது. ஒலிப்பதிவுக்குள் யார் எங்கே நிற்பது என்பது இன்னொரு கேள்வி. அதை ஒவ்வொரு பாட்டிலும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த பையன்கள் சிலர் அந்தக் கேள்வியோடு வந்தார்கள். கிதார் வாசிப்பவர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர். பறை அடிப்பவர் திருக்கழுக்குன்றத்துப் பக்கம். கடற்கரை நிலம் கைமாறிக் கைமாறி வேலிக்குள் போவதைப் பற்றிய பாட்டு. செங்கல்பட்டில் ரயில்பாதை ஓரம் ஒரு மாடி அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. அங்கே பதிவு செய்தோம். மிக்ஸிங் என் பொறுப்பு.

இரண்டு கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒன்று ஈக்வலைசர். ஒரு ஓசைக்குள் இருக்கிற கனமான பகுதி, நடுப்பகுதி, கூர்மையான பகுதி இவற்றைத் தனித்தனியே ஏற்றவும் குறைக்கவும் உதவுவது. நம்ம மைக்செட்காரர் 'பேஸைக் கொற, ட்ரெபிளை ஏத்து' என்கிறாரே, அதுதான். தொலைபேசிக் கம்பியில் தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும் பகுதிகளைத் திரும்பச் சமமாக்கப் பிறந்த வேலை என்பதால் அந்தப் பெயர். மற்றது கம்ப்ரஸர். ஓசை ஒரு எல்லையைத் தாண்டினால் தானாக அமுக்குவது. நாலுக்கு ஒன்று என்று வைத்தால், எல்லைக்கு மேல் 8 டெசிபல் போன ஓசை 2 டெசிபல்தான் மேலே போகும். திடீரென்று எழும் சத்தம் ஒலிபரப்புக் கருவியைப் பாதிக்காமலிருக்க 1930களில் வானொலி நிலையங்கள் இந்த வகைக் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கின. அதாவது ஒன்று யாருக்கு எந்த இடம் என்று பிரிப்பது. இன்னொன்று யார் எவ்வளவு குரலெழுப்பலாம் என்று வரம்பு கட்டுவது. இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. அந்தக் கருவிகள் செய்யும் வேலையே இதுதான்.

ராக் கிதாரின் உறுமல் எங்கிருந்து வந்தது? 1964இல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவீஸ் தன் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கிழித்தார். 1958இல் லிங்க் ரே பென்சிலால் குத்தி ஓட்டை போட்டதும் இதற்காகத்தான். 'ஒழுங்கான' ஓசையைக் கெடுத்துப் பிறந்த ஓசை அது. ழாக் அத்தாலி 1977இல் எழுதிய 'இரைச்சல்' நூலில் எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதிலேயே அதிகாரம் இருக்கிறது என்று வாதிடுகிறார். கிதாரின் அந்த இரைச்சல் இன்று இசையாகிவிட்டது. அதை எப்படி மிக்ஸ் செய்வது என்பதற்குப் பாடமும் சூத்திரமும் வந்தாகிவிட்டது. பறைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே கிடையாது. ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தால் 'ராக் கிதார்', 'ஸ்நேர்', 'கிக்' என்று தயார் அளவுகள் வரிசையாக இருக்கின்றன. பறைக்குத் தேடினால் 'இதர தாளங்கள்' என்ற மூலைக்குத்தான் போக வேண்டும். ஓசைக்குள்ளேயும் ஒரு சேரி.

நான் செய்த தவறு இதுதான். கிதார் இரண்டு ட்ராக், பறை இரண்டு ட்ராக், எல்லாவற்றையும் ஒரே குரூப்பில் போட்டு மேலே ஒரு கம்ப்ரஸர் வைத்தேன். 'கட்டுக்கோப்பா இருக்கும்' என்று நினைத்தேன். கேட்கவும் அப்படித்தான் இருந்தது. பறை அடித்த தம்பி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, கிதாரு வர்ற எடத்துல எல்லாம் நான் அடிச்சது எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. அமுங்கியிருந்தது. நடந்ததை விளக்குகிறேன். கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. உள்ளங்கையால் கம்பியை அழுத்தி 'ஜக் ஜக்' என்று வாசிக்கும்போது அந்தக் கனமான பகுதி பூதாகரமாக எழும். கம்ப்ரஸர் எல்லை தாண்டியது யார் என்று பார்ப்பதில்லை, மொத்தக் கூட்டத்தையும் அமுக்குகிறது. குற்றம் செய்தது கிதாரின் பேஸ், லத்தியடி வாங்கியது பறையின் அடி. போதாக்குறைக்கு, சிண்டுக்குச்சி தோலைத் தொடும் அந்தச் 'சட்' என்கிற கூர்மை இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில். உறுமும் கிதாரின் கூர்மையும் அங்கேதான் குடியிருக்கிறது. நம் காது ரொம்பவும் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அதே பகுதியில். தகராறு நடக்கும் நிலம் அது.

பொதுவாக ஈக்வலைசரையும் கம்ப்ரஸரையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அவை தனித்தனி இல்லை. எதை முன்னால் வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஈக்வலைசர் முன்னால் இருந்தால், கம்ப்ரஸர் எதைக் 'கேட்டு' அமுக்குகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. கிதாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முதலிலேயே வெட்டிவிட்டால் அந்த 'ஜக் ஜக்' கம்ப்ரஸரை உசுப்பாது. அதே இடத்தில் 3,000 ஹெர்ட்ஸை ஏற்றினால், நீங்கள் ஏற்றியதையே அது அமுக்கப் பார்க்கும். ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பிடுங்குகிற கதை. ஏற்ற வேண்டியதைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் ஏற்றினால் அது நிலைக்கும். இன்னொன்று: உறுமும் கிதார் ஏற்கெனவே அமுக்கப்பட்ட ஓசை. உறுமல் என்பதே உச்சிகள் சீவப்பட்ட நிலைதான். அதன்மேல் மறுபடியும் கம்ப்ரஸரைப் போட்டால், வாசிப்பு நிற்கும் இடைவெளிகளில் கரண்ட் இரைச்சல்தான் மேலே வரும். அங்கே 1, 2 டெசிபல் போதும். உறுமாத கிதாருக்குத்தான் நாலுக்கு ஒன்று பொருந்தும். அதிலும் அமுக்கத் தொடங்கும் நேரத்தை 20, 30 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் விரல் கம்பியைத் தொடும் முதல் கணம் தப்பிக்கும்.

இப்படியெல்லாம் மாற்றினேன். பறையைக் குரூப்பிலிருந்து வெளியே எடுத்தேன். அதற்குக் கம்ப்ரஸரே வைக்கவில்லை. கிதாரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தேன். பிறகு, பறை அடி விழும்போதெல்லாம் கிதார் 2 டெசிபல் தானாக இறங்கும்படி கம்ப்ரஸரின் காதைப் பறைப் பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது அமுக்கப்படுவது கிதார், அமுக்கச் சொல்வது பறை. எனக்கு ஒரே பெருமிதம். தலைகீழாக்கிவிட்டோம் இல்லீங்களா!

கிதார் வாசித்த தம்பிக்குப் பெருமிதம் வரவில்லை. "நான் இன்னாண்ணா, பங்களாவுலயிருந்தா வர்றேன்? வலைக்குப் போன காசுல வாங்குன கிதாரு இது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாத்தியத்தின் மேல் வர்க்கத்தையும் சாதியையும் ஒட்டிப் பார்க்கிற என் அவசரத்தில், வாசித்த ஆளை மறந்திருந்தேன். மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் மாறுவது மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்று நாம் மேடையில் பேசுவோம். அறைக்குள் ஒரு பட்டனைத் திருப்பும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பிகளைக் காட்டி 'வேண்டாததை நீக்குவதுதான் கலை, ஈக்யூவும் அப்படித்தான்' என்று சொல்வார்கள். உளிச்சத்தம் கேட்கிற அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், நீக்கிய சில்லு காலடியில் கிடக்கும். மிக்ஸிங்கில் நீக்கியது எங்கேயும் கிடக்காது. கேட்பவருக்கு அது இருந்ததே தெரியாது. அதனால் எது வேண்டாதது என்று தீர்மானிக்கும்போது வாசித்தவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மறுநாள் இருவரையும் உட்கார வைத்து மூன்றாவது முறை செய்தோம். தானியங்கி ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, பாட்டின் எந்த வரியில் யார் முன்னால் வருவது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் பேடரை மட்டும் ஏற்றி இறக்கினேன். வாய்த்தகராறு இரண்டு முறை வந்தது. ராத்திரி பதினொன்றானது.

அந்தப் பாட்டைக் குப்பத்தில் போட்டபோது இன்னொரு பாடம். அங்கே இருந்தது குழாய் ஸ்பீக்கர். அதில் பேஸ் என்பதே வராது. நடுப்பகுதி மட்டும் ஊரைக் கூட்டும். பட்டனே இல்லாத ஈக்வலைசர் அது. நான் ராத்திரியெல்லாம் பாடுபட்டு நேர்செய்த கிதாரின் கனம் காணாமல் போனது. மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பறையும் பாட்டின் சொல்லும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தன. கூட்டம் தொடங்கும் முன் பறைக்காரத் தம்பி ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்து ஓசை மந்தமாகும், சூடேற ஏற ஓசை மேலே ஏறும். "இதாண்ணா எங்க ஈக்யூ" என்றார். கிதார்த் தம்பி நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுருதி விலகிப்போன தன் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் சேர்த்தார்கள். அடுத்த பாட்டின் மிக்ஸிங்கை அந்த நெருப்பு ஓரத்திலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன்.