புக்கானன் சுத்தியல்

வீட்டில் பாட்டுப் பதிய ஒரே ஒரு பழைய டைனமிக் மைக்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், ஷூர் 545, சென்ஹைசர் எம்டி 421, ஏகேஜி டி19 எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு எலக்ட்ரோ-வாய்ஸ் 635ஏ-யை மட்டும் கையில் வைத்துக்கொள்வேன். சொன்னதும் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது நிருபர் நீட்டுகிற மைக், அதில் பாட்டா என்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், சின்ன அறையில் இதைப் போல எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக் வைத்தால் ஃபேனும் தெருவும்தான் பதியும் என்று அடித்துச் சொல்கிறார்கள். நேற்றுக்கூட ஒருவர் போனில் அரை மணி நேரம் இதையே சொன்னார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மற்றவற்றுக்கு உரிய மரியாதை. 421 சாமானியப்பட்ட மைக் கிடையாது. 1960-இல் வந்தது. கேபிள் சேரும் இடத்து வளையத்தைத் திருகினால் 'எம்'மிலிருந்து 'எஸ்' வரை ஐந்து நிலைகளில் பாஸ் இறங்கும். கிதார் ஆம்ப்புக்கும் டாம் டிரம்முக்கும் இன்றுவரை அதற்கு இணை கிடையாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வைத்துக் கேட்டவர்கள் வேறு மைக்குக்குப் போகவே மாட்டார்கள். குரல் என்று வரும்போதுதான் எனக்கும் அதற்கும் ஒத்துப்போவதில்லை. மேல்தட்டில் அது கொடுக்கும் தூக்கல், பெரிய ஸ்டூடியோவில் பளிச்சென்று இருக்கும். சுண்ணாம்புச் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் நம் வீட்டு அறையில் அதே தூக்கல் காதைக் குத்துகிறது.

545 விஷயம் வேறு. ஷூரில் எர்னி சீலர் உருவாக்கி 1959-இல் வெளியான யூனிடைன் III அது. 1965-இல் வந்த எஸ்எம்57-க்கும் அடுத்த ஆண்டு வந்த 58-க்கும் தாய். சீலர் சாஸ்திரிய இசைப் பிரியர், ராக் பிடிக்காதவர். அப்படிப்பட்டவர் செய்த மைக்கை உலகம் ஸ்னேர் டிரம்மின் மேல் கொண்டுபோய் வைத்தது. நல்ல நிலையில் உள்ள 545-இன் நடுத்தட்டில் இன்றைய 57-இல் இல்லாத ஒரு மென்மை இருப்பதாக என் காது சொல்கிறது. அதைச் சத்தியம் செய்து நிரூபிக்க முடியாது.

டி19-ஐப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பீட்டில்ஸ் ரிங்கோவின் டிரம் மேல் தொங்கியது என்ற ஒரே காரணத்துக்காக அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஒலியில் பாதி அபே ரோடு ஸ்டூடியோவின் அறைக்குச் சொந்தம். மைக்கை வாங்கலாம், அறையை யார் தருவார்?

635ஏ-க்கு வருகிறேன். 1960களின் நடுவில் மிச்சிகன் மாநிலத்தின் புக்கானன் என்ற சின்ன ஊரில், எலக்ட்ரோ-வாய்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. அதற்கு முன் வந்த 664-க்கு ஒட்டிய 'புக்கானன் சுத்தியல்' என்ற பட்டப்பெயர் இதற்கும் வந்து சேர்ந்தது. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூ பரோஸ், கூட்டத்தின் முன் மைக்கால் ஆணி அடித்துக் காட்டிவிட்டு அதே மைக்கில் பேச்சைத் தொடர்வார் என்பது அந்த வட்டாரத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. 80-லிருந்து 13,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் என் அத்தை பாட வேண்டும். நாற்காலியில் உட்கார மாட்டார், பாய்தான். தாளம் போடும்போது தலை வலப்பக்கம் சாயும், சங்கதி பிடித்துவிட்டால் மோவாய் மேலே எழும், சிட்டைஸ்வரம் வரும்போது கண் மூடி முன்னால் குனிந்துவிடுவார். முதலில் 58 வைத்திருந்தேன். குனியும்போதெல்லாம் கீழ் ஷட்ஜம் வீங்கி அறையை நிறைத்தது, நிமிர்ந்தால் குரல் மெலிந்து அடுத்த அறைக்குப் போனது. "மைக்கைப் பாத்தே பாடணுமாடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பாட்டின் சுகமே போய்விட்டது. 635ஏ-யை மார்புக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் அண்ணாந்த மாதிரி நிறுத்தி, "நீங்க பாட்டுக்குப் பாடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். குனிந்தால் சத்தம் கூடுகிறது, அவ்வளவுதான். குரலின் நிறம் மாறவில்லை. மந்திர ஸ்தாயியில் 'ம்' என்று அவர் மூக்கோடு இழுக்கும் இடம் அத்தனை ஏற்ற இறக்கத்திலும் அத்தையின் குரலாகவே இருந்தது.

காரணம் எளிது. முன்பக்கத்தை மட்டும் கேட்பதற்காகப் பின்னால் துளை வைத்த, 58 போன்ற கார்டியாய்டுக்குத்தான் நெருங்கினால் பாஸ் வீங்கும். ஆம்னியில் டயஃப்ரத்தின் முன்பக்கம் மட்டும்தான் காற்றைப் பார்க்கிறது, வீங்க வழியே இல்லை. 'ப', 'பா' என்று ஊதும் காற்றையும் கையில் பிடிக்கும் சத்தத்தையும் அது தாங்குவதற்கும் இதுதான் காரணம். போதாததற்குத் தலைக்குள் நான்கு அடுக்கு வடிகட்டி வேறு. பாப் ஃபில்டர் வட்டத்தை முகத்துக்கு எதிரே நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஃபேனும் தெருவும் என்ற குற்றச்சாட்டுக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. அறைச் சத்தம் ஒரே அளவில் விழ, ஆம்னி 10 செ.மீ.யில் இருந்தால் கார்டியாய்ட் 17 செ.மீ.யில் இருக்கலாம். மொத்த வித்தியாசமே அந்த ஏழு சென்டிமீட்டர்தான். கார்டியாய்டை 10-க்குக் கொண்டுவந்தால் பாஸ் வீங்குகிறது, அதனால் அங்கே வைக்கத் தயக்கம். ஆம்னியை அச்சமில்லாமல் அங்கே வைக்கலாம். கார்டியாய்டின் பக்கவாட்டில் நுழையும் சத்தம் நிறம் கெட்டு, தகர டப்பா போல ஒலிக்கும். 635ஏ-யில் எதிர்வீட்டு நாய் குரைத்தாலும் நாய் மாதிரியே குரைக்கும். அப்படிப்பட்ட சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடுகிறது.

அதே வீட்டுப் பிள்ளையான ஆர்இ20-ஐ (1968) முன்னால் வைத்து வாதாடுபவர்கள் உண்டு. கார்டியாய்டாகவும் இருக்க வேண்டும், பாஸும் வீங்கக் கூடாது என்ற சிக்கலை உடல் நீளத்துக்குக் கீறல்கள் வைத்துத் தீர்த்த கெட்டிக்கார மைக் அது. வானொலிக் குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கனத்தைத் தாங்க நல்ல ஸ்டாண்ட் வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோம் நம் கடற்கரைக் காற்றில் சில வருஷத்தில் பிசுபிசுத்து, பிறகு மாவாக உதிர்கிறது. 635ஏ-யை ஈரத்துணியால் துடைத்து அலமாரியில் வைத்தால் போதும்.

குறையும் உண்டு. தம்புராவின் ஜீவா இதில் முழுசாக வராது, மேலே உள்ள இழை அறுந்த மாதிரிதான் இருக்கும். தம்புராவுக்குக் கண்டென்சர்தான். வயலினோ நேர் எதிர். சின்ன அறையில் கண்டென்சர் வைத்தால் வில் உரசுகிற கரகரப்பு முன்னால் வந்து நிற்கும், இதில் அது அடங்கி, நாதம் தெரியும். இன்னொன்று, இதன் சிக்னல் மெல்லியது. மலிவு இன்டர்ஃபேஸில் கெயினைக் கடைசிவரை திருகினால் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வரும். ப்ரீஆம்ப்புக்குக் கொஞ்சம் செலவழித்தே ஆக வேண்டும்.

மனசுக்கு வருத்தமாக இருப்பது மைக்கைக் காதால் தேர்ந்தெடுக்கும் பழக்கம் போனதுதான். 1973-இல் வந்த ஷூர் எஸ்எம்7-ஐ ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் மைக்கேல் ஜாக்சனுக்கு வைத்தபோது அந்தக் குரலுக்கு அது பொருந்துகிறதா என்று கேட்டுத்தான் வைத்தார். இன்று அதன் வாரிசான 7பி, வீடியோவில் அழகாகத் தெரிகிறது என்று வாங்கப்படுகிறது. முகத்தை மறைக்காமல் இருக்க அரை மீட்டர் தள்ளி நிறுத்துகிறார்கள். குரல் வரவில்லை என்று கெயினை ஏற்றுகிறார்கள். ஏறிய இரைச்சலை மென்பொருளால் துடைக்கிறார்கள். அந்தத் துடைப்பில் 'ச'வும் 'ஷ'வும் கரைந்து, 'ள'வுக்கும் 'ழ'வுக்கும் வித்தியாசம் இல்லாத ஒரு தமிழ் மிஞ்சுகிறது. மைக்கை ஒரு சாண் கிட்டே நகர்த்தியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

பழையதை வாங்குவதிலும் தொல்லை இருக்கிறது. தூரத்து வியாபாரி ஒருவர் பெட்டியோடு அனுப்பிய 635ஏ-யைப் பேசிப் பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து வருகிற குரல். திறந்தால் வலை முழுக்க இரும்புத் துகள். காந்தம் பல வருஷமாக இழுத்துச் சேர்த்தது. நேரில் வாங்க முடிந்தால் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் உருளக் கூடாது. தலை வலையில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். உடம்பில் கீறலும் நசுங்கலும் இருந்தால் கவலை வேண்டாம், அந்த மைக் அதற்காகவே செய்யப்பட்டது.

பழுப்பு நிற 635ஏ-தான் அசல், பின்னால் வந்த கறுப்பு 635ஏ/பி மட்டம் என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. இரண்டையும் ஒட்டி வைத்து அத்தையைப் பாடச் சொல்லிப் பதிந்தேன். எது எது என்று பார்க்காமல் கேட்டால் என்னால் பிரிக்க முடியவில்லை. அத்தையாலும் முடியவில்லை. கறுப்பு மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கிப்போடுங்கள்.