கோபுரத்தில் ஏறிய காடு

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. “கீழே வெயில் கொளுத்துகிறது, இங்கே மட்டும் எப்படிக் குளிர்ச்சி?” “மரங்களால்தான்” என்று உடனே ஒருவர் விடை சொல்வார். அது பாதி விடையே. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. காவலூரின் உயரம் ஏறத்தாழ 725 மீட்டர். ஆகவே நாலரை டிகிரி அளவுக்கான குளிர்ச்சி உயரத்தின் கொடை. அதற்கு மேற்பட்டதில்தான் காட்டின் பங்கைத் தேட வேண்டும்.

இந்தக் கணக்கை மனத்தில் கொண்டு நகரத்திற்கு வருவோம். அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் சென்னை போன்ற நகரங்களைப் பசுமையாக்கப் பலரும் எடுத்துக்காட்டும் கட்டடம், இத்தாலியின் மிலான் நகரில் 2014இல் திறக்கப்பட்ட ‘செங்குத்துக் காடு’. ஸ்டெஃபானோ போயெரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இரு கோபுரங்களின் மாடி முகப்புகளில் ஏறத்தாழ 800 மரங்கள் நிற்கின்றன. மலையே ஊருக்குள் வந்துவிட்டதோ என்று படத்தைப் பார்ப்பவர் மயங்குவர். ஆனால் 100 மீட்டர் உயரம் தரக்கூடிய குளிர்ச்சி அரை டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவே. எனவே அக்கோபுரத்தை அதன் மரங்கள் செய்யும் வேலையைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மரம் செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று நிழல். மற்றொன்று நீராவிப்போக்கு. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு மரம் பகலின் பத்து மணி நேரத்தில் 50 லிட்டர் நீரை ஆவியாக்குவதாகக் கொள்வோம். அது சூழலிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வேகம், ஒரு டன் குளிர்சாதனப் பெட்டியின் குளிர்விக்கும் திறனுக்கு ஏறத்தாழச் சமம். ஆனால் கடற்கரை நகரின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. அங்கே ஆவியாதல் மட்டுப்படும். நிழலின் மதிப்பே ஓங்கும்.

மிலான் கோபுரம் பொறுப்புடன் கட்டப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புயலில் மரங்கள் சாயாதிருக்கக் காற்றுச் சுரங்கத்தில் சோதனை நடத்தினர். கோடையில் நிழல் தரும் மரங்களில் பல, குளிர்காலத்தில் இலையுதிர்த்து வெயிலை வீட்டுக்குள் விடுகின்றன. அந்நாட்டுக்கு அது பொருந்தும். நமக்குப் பொருந்துமா?

மிலான் 45 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. அங்கே சூரியன் ஒருபோதும் தலைக்கு நேரே வருவதில்லை. சாய்ந்த கதிர்கள் சுவரைத் தாக்குகின்றன. சென்னையோ 13 டிகிரியில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சென்னையின் உச்சிக்கு நேரே நிற்கிறது. அப்போது சுவரின் மீது நேர்க்கதிர் அநேகமாக விழுவதே இல்லை. அவ்வளவும் தெருவின் மீதும் மொட்டை மாடியின் மீதும்தான். காலை மாலை வெயிலில் கிழக்கு, மேற்குச் சுவர்களைச் செடிகள் காக்கும் என்பது உண்மை. ஆனால் உச்சி வேளையில் தெருவில் தள்ளுவண்டி தள்ளுபவருக்குப் பதினைந்தாம் மாடிச் செடியால் என்ன நிழல்?

அடுத்தது எடை. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஈர மண் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கும் மேல் அழுத்தும். சாதாரண வீட்டுத் தளமோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. பிறகு நீர். மாடி மரத்தின் வேர் நிலத்தடி நீரை எட்டாது. குழாய் நின்றால் இலை வாடும். 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டதை யார் மறப்பார்? பராமரிப்பும் உண்டு. சீனாவின் செங்டு நகரில் 826 வீடுகளுடன் கட்டப்பட்ட இத்தகைய குடியிருப்பில் செடிகள் மண்டின, கொசு பெருகியது. 2020இல் அங்கே குடியேறியிருந்தவர் மிகச் சிலரே.

அப்படியானால் பசுமைக்கு எங்கே இடம்? தரையில்தான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள், பெரிய மனைகளில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. ஆனால் சில நேர்வுகளில் நிலத்திற்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் இடமுண்டு. பணத்தில் மரம் வேர் பிடிக்காது. மனையின் பெரும்பகுதியில் நிலவறை தோண்டிக் கார் நிறுத்தினால், மேலே தெரியும் புல்வெளியும் கான்கிரீட் தட்டில் வைத்த தொட்டிதான். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அடிமரம் வரை சிமென்ட் பூசி வேரை நெரிக்கும் நடைபாதையில் நிற்கும் மரம் புயலைத் தாங்குவது கடினம் என்பதை அப்போதே கற்றிருக்க வேண்டும்.

ஜவ்வாது மலைக் காட்டுக்கு யாரும் குழாய் வைக்கவில்லை. பெய்யும் மழையை மண் உறிஞ்சுகிறது. வேர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. மலையில் பெய்த மழையின் ஒரு பகுதி செய்யாறாகக் கீழிறங்குகிறது. நகரம் கற்க வேண்டியது காட்டின் தோற்றத்தையன்று, மண்ணுக்கும் வேருக்கும் மழைக்கும் உள்ள இந்த உறவையே.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏப்ரல் நண்பகலில் ஒரு வெப்பமானியை வேப்பமரத்தடி மண்ணிலும், பிறகு செடி படர்ந்த சுவர் ஓரத்து வெயில் படும் தரையிலும் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பசுமைக்குச் செலவிடலாம் என்பதை அந்த இரு எண்களே சொல்லிவிடும்.